சோடா குடித்த எலி

ஓரப்பள்ளத்தின் அடியில் அந்தக் கோலிக்குண்டைக் கண்டதும் ரீபா முதலில் செய்த காரியம், சுற்றுமுற்றும் பார்த்ததுதான். பச்சைக் கண்ணாடிக் குண்டு. சோடாப் பாட்டிலின் கழுத்துக்குள் உருண்டுகொண்டு கிடக்குமே, அது. இரண்டாயிரம் வருஷத்துச் சாலையின் ஓரத்தில், அதுவும் அடிமட்டத்தில், அதற்கு என்ன வேலை என்று யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

“எலிவளை.”

மண் அள்ளும் சட்டியோடு மேலே நின்ற சபீதா எட்டிப் பார்த்தாள். “எங்கன மேடம்?”

“இங்கன. பழைய வளை. மேல கிடந்ததை எலி உருட்டிட்டு வந்து போட்டிருக்கு.”

“எலி கோலி விளையாடுமா மேடம்?”

“கையில கிடைச்சதையெல்லாம் இழுத்துட்டுப் போவும்லா?”

“அது சரிதான். எங்க மாமி மூக்குத்திய எலிதான் தூக்கிட்டுப் போச்சுன்னு ஒரு வருஷம் தேடுனோம்.” சபீதா சட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “பெறவு பாத்தா, அது எங்க நாத்தனா மூக்குல இருக்கு.”

மேலே நின்ற பெண்கள் சிரித்தார்கள். ரீபாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குண்டை நெகிழிப் பைக்குள் போட்டு, ‘எலிவளை’ என்று சீட்டெழுதி வைத்தாள். எழுத்து மட்டும் எப்போதும்போல முத்து முத்தாக வந்தது.

இடத்தின் பெயர் அரியான்விளை. ஸ்ரீவைகுண்டம் தாண்டி, தாமிரபரணிக்குத் தெற்கே, வாழைத்தோட்டங்கள் முடிந்து செம்மண் தொடங்குகிற ஓரம். போன வருஷம் மழைக்குப் பிறகு மேலிருந்து எடுத்த படத்தில், பனைகளுக்கு நடுவே புல் இரண்டு கோடுகளாகக் கறுத்து வளர்ந்திருந்தது. தண்டவாளம் மாதிரி ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் கிழக்கே, கடலைப் பார்த்துப் போகிற கோடுகள். புல் அப்படிச் செழித்தால் அடியில் ஈரம் நிற்கிறது என்று அர்த்தம். ஈரம் நின்றால் அங்கே எப்போதோ பள்ளம் இருந்து தூர்ந்திருக்கிறது. தோண்டிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டி நடுவில் மண்ணை உயர்த்திப் போட்ட சாலை வந்தது. மேலே பரவிய சரளையில் வண்டிச்சக்கரம் அரைத்த தடம் தெரிந்தது. பள்ளத்தைத் தூர்த்திருந்த மண்ணில் கறுப்பும் சிவப்புமான பானையோடுகள் அள்ள அள்ள வந்தன. இரண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாத ஓடுகள்.

ரீபாவுக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருஷமாகத் தொல்லியல் துறையில் அவள் வேலை, மற்றவர்கள் தோண்டியெடுத்த ஓடுகளைக் கழுவி, காயவைத்து, எண் எழுதி அடுக்குவது. பல் துலக்கும் பிரஷ்ஷால் ஓட்டைக் குளிப்பாட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று துறையில் பெயர். அதைப் பாராட்டு என்றே அவளும் வெகுகாலம் நினைத்திருந்தாள். நாற்பத்தேழு வயதில்தான் முதல்முறையாக ஒரு தளத்தின் பொறுப்பு கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு வருகிறது. சாலை பழையது என்று குழுவுக்குத் திருப்தியானால் அடுத்த பருவமும் அகழாய்வு உண்டு, இயக்குநர் அவள். இல்லையென்றால் குழிகளை மூடிவிட்டுத் திரும்பவும் பிரஷ்.

இதற்கிடையில் அம்மா. பாளையங்கோட்டையில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற சாரம்மாள், மகள் கொற்கை முத்து ரோமாபுரிக்குப் போன சாலையைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று சபை முழுவதும் சொல்லியாயிற்று. பெண்கள் சங்கத்தார் வேன் பிடித்து, அதே வெள்ளிக்கிழமை மத்தியானம் பார்க்க வருகிறார்கள். அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. ரோமாபுரியை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தது ரீபாதான். இட்லிக்குச் சட்னி ஊற்றும்போது, போகிற போக்கில், “ரோமாபுரிக்குப் போன முத்தெல்லாம் இந்த வழியாத்தான் போயிருக்கும் போல” என்றாள். அந்தப் ‘போல’ அடுப்படியிலேயே தங்கிவிட்டது. மிச்சம் சபைக்குப் போயிற்று. முத்து கடலில் எடுப்பது, ரோமாபுரிக்குப் போவதும் கடல்வழி. அது என்னத்துக்கு அரியான்விளைக்கு வந்து சுற்றிக்கொண்டு போகவேண்டும் என்று அம்மாவும் கேட்கவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்திருக்கும்போது ஒரே மாதிரி இருக்கும். வெட்டிய சுவரில் தண்ணீர் தெளித்தால் வேறுவேறு நிறமாகப் பிரிந்து காட்டும். நிறம் பிரிகிற இடத்தில் கொத்துக்கரண்டி நுனியால் கோடு கீறுவார்கள். படம் வரைவது, போட்டோ எடுப்பது எல்லாம் அந்தக் கோட்டை வைத்துத்தான். எலிவளை இருந்தால் அந்த இடத்து மண் இளகி, நிறம் மாறி, குழாய்போலத் தெரியும். ரீபா தண்ணீர் தெளித்தாள். சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக, ஒன்றும் அறியாத பிள்ளையின் முகத்தோடு நின்றது. இன்னும் கொஞ்சம் தெளித்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தலையைச் சாய்த்தபோது ஓரிடம் லேசாகக் கறுத்த மாதிரி இருந்தது. அவளுடைய தொப்பியின் நிழலாகவும் இருக்கலாம். அதை ஒட்டியே கரண்டி நுனியால் மேலிருந்து கீழே வளைத்து ஒரு கோடு, பக்கத்தில் இன்னொரு கோடு. அவ்வளவுதான், வளை வந்துவிட்டது. கீறிய பிறகு யார் பார்த்தாலும் தெரியும். அவளுக்கே தெளிவாகத் தெரிந்தது.

அளவெடுத்து வரைகிற டெல்பின் தாளோடு வந்தாள். மணப்பாட்டுக்காரி, தளத்தில் ரீபாவுக்கு அடுத்தபடி. அடுத்த பருவத்தை நம்பி மகளைப் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, அங்கேயே வீடும் பார்த்துவிட்டவள்.

“வளை ரொம்ப நேரா இறங்குதே அக்கா. எலி கிணறுல்லா வெட்டியிருக்கு?”

“அவசரமா இருந்திருக்கும்.”

டெல்பின் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரைந்தாள்.

மறுநாள் அதே அடிமட்டத்தில் பீங்கான் தட்டின் துண்டு ஒன்று வந்தது. வெள்ளையில் நீலப் பூப்போட்டது. தட்டு நுழைய வேண்டுமே என்று ரீபா வளையை இரண்டு விரல் அகலப்படுத்தினாள். அதற்கு மறுநாள் ஒரு சிலேட்டுக்குச்சி.

“சோடா குடிச்சிருக்கு, பீங்கான் தட்டுல சாப்பிட்டிருக்கு, பள்ளிக்கூடமும் போயிருக்கு” என்று சபீதா விரல் மடக்கினாள். “மேடம், எங்க தெருவுல இவ்வளவு வசதியா ஒருத்தரும் இருந்ததில்ல பாத்துக்கிடுங்க.”

“பேசாம மண்ணை அள்ளுட்டி” என்றாள் டெல்பின். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

யாரும் எலியை மறுத்துப் பேசவில்லை. வேலை இன்னும் ஒரு பருவம் ஓடும் என்றால் எலி பட்டம் வாங்கியதாகக்கூட ஒத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். ரீபாவுக்கு அது பெரிய ஆறுதலாகவும் இருந்தது. உறுத்தலாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பாளையங்கோட்டையிலிருந்து வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ஆனிமாதத்துக் காற்று கூந்தலைக் கலைத்தது. பள்ளத்தில் முதலில் விழுந்தது அடியில் கிடக்கும், பிறகு விழுந்தது அதன்மேல் கிடக்கும். சாலையை உயர்த்த, பக்கத்தில் எங்கேயோ இருந்த பழைய மேட்டை வெட்டிக் கொட்டியிருந்தால், மழையில் அந்த மண் ஓடுகளோடு கரைந்து பள்ளத்துக்குள் இறங்கியிருக்கும். மேலே இரண்டாயிரம் வருஷத்து ஓடு, அடியில் சோடாக்குண்டு. மண்ணுக்கு வயது இரண்டாயிரம். சாலைக்கு மிஞ்சினால் நூற்றைம்பது. இது துறைக்குப் பயிற்சிக்கு வரும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவள் வருஷாவருஷம் பரீட்சையில் வைக்கிற கேள்வி. தப்பாக எழுதினவர்களுக்கு அரை மதிப்பெண்கூட இரக்கம் காட்டியது கிடையாது.

சோதித்துப் பார்ப்பதும் கஷ்டமில்லை. பத்தடி தள்ளி அதே பள்ளத்தில் இன்னொரு வெட்டுப் போட்டால் போதும். அங்கேயும் அடியில் சாமான் வந்தால் எலி இல்லை. இது முதல் நாளே அவளுக்குத் தெரியும். ஆனால் முதல் நாள் காற்று பலமாக இருந்தது. அடுத்த நாள் தார்ப்பாய் கிழிந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் அவளுக்கு லேசாகத் தலைவலி.

பொய் சொல்கிறோமா என்று உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். பொய் என்று கையில் பிடிக்கும்படி ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. எலியை நிஜமாகவே நம்பத் தொடங்கியிருந்தாள். அதன் சாடைகூட மனசில் இருந்தது: கொஞ்சம் வயதான, பொறுமையான எலி, தான் சம்பாதிக்காத பொருளையெல்லாம் இழுத்து வந்து ஒழுங்காக அடுக்கி வைத்துக்கொள்கிறது. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசித்தவள், கருங்குளம் வரும்போது யாருடைய முகம் என்று கண்டுகொண்டு, அவசரமாகக் கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். சாலை பழையதாக இருக்க வேண்டும் ஆண்டவரே என்பதுதான் ஜெபம். என்றைக்கோ போட்டு முடித்த சாலையின் வயதை இன்றைக்கு மாற்றித் தரும்படி கேட்கிறோம் என்று புரிந்தபோது ஆமென் சொல்லாமலே கண்ணைத் திறந்தாள்.

குழு பதினோரு மணிக்கு வந்தது. மூன்று பேர். தலைவர் பெருமாள்ராஜ், அவளோடு எம்.ஏ. படித்தவன். நல்லவன். அவளுக்கு அதுதான் சங்கடம். கெட்டவனாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சாலையைப் பார்த்தான், சரளையில் குந்தி வண்டித்தடத்தைத் தடவிப் பார்த்தான், ஓடுகளைப் புரட்டினான். பள்ளத்துச் சுவருக்கு வந்ததும் நின்றான்.

“இது?”

“எலிவளை” என்றாள் ரீபா.

பெருமாள்ராஜ் சுவரைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடியும் சுவரைப் பார்த்தான். பிறகு மற்ற இருவரிடமும் திரும்பி, வகுப்பெடுக்கிற குரலில் தொடங்கினான். இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் வளை எவ்வளவு ஆழம் இறங்கும், ஈரத்தைத் தேடி ஏன் நேராக இறங்கும், சாமான்களை எப்படிச் சேர்த்து வைக்கும். “அநேகமா வெள்ளெலி” என்று முடித்தான். அவர்களில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

தொப்பி நிழலில் பிறந்த எலிக்கு இப்போது சாதிப்பெயரும் கிடைத்துவிட்டது. நாளைக்கு அறிக்கையில் அச்சாகும். அதற்கு மறுவருஷம் யாராவது பிள்ளை அதைப் படித்து, மேற்கோள் காட்டி, பரீட்சையில் எழுதும்.

அவன் பைய அவள் பக்கம் வந்தான். “பயப்படாத ரீபா. நான் எழுதிக்கிடுதேன். எந்தத் தளத்துலதான் ஒரு எலி இல்ல? அடுத்த பருவம் உனக்குத்தான். நீ இருபது வருஷம் உக்காந்த இருப்புக்கு இதுகூட இல்லைன்னா எப்படி?”

நன்றி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“பத்தடி தள்ளி ஒரு வெட்டுப் போட்டுப் பாத்துருவமா பெருமாள்?”

“எதுக்கு? சாப்பாட்டு நேரம்லா?”

“சின்ன வெட்டுதான். நீங்க சாப்பிடுங்க. அதுக்குள்ள அடி வந்துரும்.”

டெல்பின் வேகமாகத் திரும்பிப் பார்த்தாள். நேர்மை தலைக்கேறி ரீபா அப்படிக் கேட்டுவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அங்கே ஒன்றும் வராது என்ற ஆசை அந்த நிமிஷமும் அவளுக்குள் உட்கார்ந்திருந்தது. ஒன்றும் வராவிட்டால் சாலையும் பழையது, தானே முன்வந்து சோதித்தவள் என்ற பெயரும் சேர்ந்து கிடைக்கும். ஒரே வெட்டில் இரண்டு பழம்.

அவளே இறங்கினாள். மேல்மண்ணில் வழக்கம்போல ஓடுகள். ஒவ்வொன்றுக்கும் மனசு குதித்தது. இடுப்பளவு ஆழத்தில் மண் வெறுமையாயிற்று, இன்னும் குதித்தது. சப்பாத்தி முடிந்து மூவரும் டீக்கோப்பைகளோடு வந்து மேலே நின்றார்கள். காற்றில் அவர்கள் கோப்பைகளுக்கு மேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அடிமட்டத்துக் களிமண்ணில் கரண்டி டிக்கென்று தட்டியது. விரலால் துடைத்தாள். கனத்த பச்சைக் கண்ணாடி. பாட்டிலின் கழுத்து, நடுவில் குண்டு நிற்பதற்காகக் கிள்ளிவிட்ட பள்ளத்தோடு. பக்கத்தில், அவள் தவறாக எதுவும் நினைத்துக்கொள்ளக் கூடாது என்பது போல, நீலப் பூத்தட்டின் இன்னொரு துண்டு.

சபீதா எட்டிப் பார்த்தாள்.

“மேடம், இது எலி இல்ல. பெருச்சாளி.”

முதலில் சிரித்தது ரீபாதான். பள்ளத்துக்குள் உட்கார்ந்து, கண்ணீர் வரச் சிரித்தாள். எங்கே சிரிப்பு முடிந்து மற்றது தொடங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைக்கப்போக, முகமெல்லாம் செம்மண்.

பெருமாள்ராஜ் குனிந்து கையை நீட்டி அவளை மேலே ஏற்றினான். “இதையும் வளைன்னு சொல்லிரலாம்” என்றான் தாழ்ந்த குரலில். அவன் முழுக்க விளையாட்டாகச் சொல்லவில்லை.

“எலியே கிடையாது பெருமாள். முதல் நாளே கிடையாது. சுவர்ல நான்தான் கீறினேன்.”

“அப்போ ரோடு?”

“நூத்தம்பது வருஷம். கூடிப்போனா.”

“ஓடு?”

“ஓடு பழசுதான். இங்க பக்கத்துல ஒரு பழைய ஊரு மேடு இருந்திருக்கு. அதை வெட்டித்தான் ரோட்டை ஏத்தியிருக்காவ.”

“மேடு எங்கன இருக்கு?”

ரீபா காலடியைக் காட்டினாள். “இந்தா, இதுமேலதான நிக்கோம்.”

அவன் குனிந்து பார்த்தான். பிறகு, “நான் சும்மா இருந்தேன்லா, நீயும் சும்மா இருந்திருக்கலாம்” என்றான். “அடுத்த பருவம் கஷ்டம் ரீபா. இன்னைக்கு சாயங்காலமே மூட ஆரம்பிச்சிருங்க.”

உண்மை பேசியவர்களுக்கு மனசு இறகாகிவிடும் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ரீபா கொஞ்சம் காத்துப் பார்த்தாள். பசித்தது. அவ்வளவுதான்.

கார் போனபிறகு டெல்பினிடம் போய் வரைந்த தாளைக் கேட்டாள். டெல்பின் கொடுக்கவில்லை, தானே ரப்பரை எடுத்து வளையை அழித்தாள். தாள் கசங்கும்படி அழித்தாள்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா அக்கா? வீட்டுக்கு முன்பணம் கொடுக்கிறதுக்கு முந்தி சொல்லியிருக்கலாம்லா?”

கிழிந்த தார்ப்பாயையும் தலைவலியையும் சொல்ல முடியுமா?

அந்த நேரம் பார்த்துத்தான் வேன் வந்தது. குடைகளும் டிபன் கேரியர்களுமாகப் பெண்கள் இறங்கினார்கள். முன்னால் வெளிர்நீலப் பட்டில் அம்மா.

“எங்கட்டி, முத்துப் போன ரோடு?”

“முத்துப் போகலம்மா.”

“பின்னே?”

“இது பழைய ரோடு இல்ல. நூத்தம்பது வருஷந்தான் ஆவுது. நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

சாரம்மாள் நின்றாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். காற்றில் ஒரு குடை மடங்கித் திரும்பியது. ரீபா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கிய டீச்சர் அவ்வளவு லேசில் தோற்பவள் அல்ல.

“நூத்தம்பதா? அப்போ மிஷன் காலம்லா!” அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “கேட்டியளா? நம்ம முன்னோரு போட்ட ரோடு! பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் இந்த வழியாத்தான் போயிருக்காவ. சிலேட்டுக்குச்சி கிடைச்சிருக்குன்னு இவதான் சொன்னா.”

“ஸ்தோத்திரம்” என்றார்கள் இரண்டு மூன்று பேர்.

ரீபா பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணுக்கு முன்னாலேயே இன்னொரு வளைக்குக் கோடு விழுகிறது. பேசாமல் நின்றால் போதும், எல்லோருக்கும் சந்தோஷம். பாட்டுப் பாடிக்கொண்டே வேன் திரும்பும். அம்மா ஞாயிற்றுக்கிழமை தலைநிமிர்ந்து கோயிலுக்குப் போவாள். பிரஷ்ஷுக்குத் திரும்பப்போகிறவளுக்கும் ஓரத்தில் கொஞ்சம் பெருமை மிஞ்சும்.

“அதுவும் தெரியாதும்மா.”

“ஏன் தெரியாது? பள்ளிக்கூடம் நாமதான நடத்துனோம்?”

“குச்சிய யாரும் தவறவிட்டிருக்கலாம். ரோடு போட்டது யாருன்னு ஒரு அடையாளமும் கிடைக்கல.”

“முத்துப் போச்சான்னு தெரியாது. யாரு போட்டான்னு தெரியாது.” அம்மாவின் குரல் உடைந்து உயர்ந்தது. “இத்தனை வருஷம் படிச்சு என்னதான்ட்டி தெரியும் உனக்கு?”

அத்தனை குடைகளும் அவளைப் பார்த்தன. டெல்பினும் ரப்பரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

“ரெண்டு பக்கமும் பள்ளம் வெட்டியிருக்காவ” என்றாள் ரீபா. “நடுவுல மண்ணை ஏத்திச் சரளை போட்டிருக்காவ. வண்டி போயிருக்கு, வந்திருக்கு. யாரோ சோடா குடிச்சிருக்காவ. வேற ஒண்ணும் தெரியாது.”

பிறகு கூட்டத்தில் ஒரு பெண், “இவ்வளவு தூரம் வந்தாச்சு, நடந்தாவது பாக்கலாமா?” என்று கேட்டாள்.

“நடங்க. சாயங்காலம் மூடிருவோம். ஓரத்துல போகாதீங்க, பள்ளம் இருக்கு.”

ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சரளையில் இறங்கினார்கள். சபீதா முன்னால் போய் வழிகாட்டினாள். சாரம்மாள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். எல்லோரும் போனபிறகு, பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தானும் இறங்கினாள். ரீபா கை கொடுக்கப் போனாள். அம்மா கையை வாங்கவில்லை. நாலு எட்டு வைத்து, குனிந்து வண்டித்தடத்தைப் பார்த்தாள். பிறகு கிழக்கே, தோண்டிய இடம் முடிகிற தார்ப்பாயைத் தாண்டி, பனைகளுக்கு ஊடே பார்த்தாள்.

“இது எங்க போவுது?”

கடல், ரீபாவின் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. கப்பல்கூட வந்தது. எச்சிலோடு விழுங்கினாள்.

“அந்தத் தார்ப்பாய் வரைக்கும் போவுதும்மா.”